தானியங்கி அறையில் மானாவாரிப் பயிர்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி உழவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



“கண்ணாடி அறைக்குள்ளே குளிர்சாதனம் வைத்துப் பயிர் வளர்க்கிறீர்களாமே! எங்கள் கரிசல் காட்டுக்கும் அந்த அறைக்கும் என்ன சம்பந்தம்?” என்று உங்களில் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். மழையை நம்பி விதை போடுகிறவருக்கு, மழையே பெய்யாத அறையில் வளர்ந்த பயிரால் என்ன பயன் என்றுதான் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். அந்த அறை என்ன செய்கிறது, அதில் உள்ள கருவிகள் ஆள் துணையின்றித் தாமே எவ்வாறு இயங்குகின்றன, அதனால் மானாவாரிக்கு என்ன நன்மை, எந்த இடத்தில் அந்த அறையை நம்பக் கூடாது ஆகிய நான்கு செய்திகளையும் வரிசையாகச் சொல்கிறேன்.

காட்டில் சோதித்தால் போதாதா?

நம் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லி மீட்டர் அளவுக்குப் பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. புரட்டாசியில் விதைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் வளர்கிறது. மார்கழி, தையில் கரிசல் மண் பிடித்து வைத்த ஈரத்தைக் கொண்டே கதிர் முற்ற வேண்டும். கடைசி இருபது நாள் ஈரம் போதாமல் கதிர் பாதியாகப் போவது உங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே, வறட்சியைத் தாங்கும் இரகம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்படிப்பட்ட இரகத்தைக் கண்டறிய வேண்டுமானால், சோதனை வயலுக்கும் வறட்சி வர வேண்டும். அதுவும் சரியான பருவத்தில், சரியான அளவில் வர வேண்டும். வானம் அதற்கு இசைவதில்லை. 2015-ஆம் ஆண்டில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட ஏறத்தாழ பாதி அளவு கூடுதலாகப் பெய்தது. அடுத்த 2016-இல் வழக்கமான அளவில் 62 சதம் குறைந்துவிட்டது. மழை மிகுந்த ஆண்டில் எல்லா இரகமும் நன்றாகவே விளையும். வறட்சி தாங்குவது எது என்று பிரித்தறிய இயலாது. மழை அறவே பொய்த்த ஆண்டில் எல்லா இரகமும் கருகிவிடும். அப்போதும் பிரித்தறிய இயலாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டி மீட்டர் பெய்தது. அத்தகைய ஆண்டில் வறட்சிச் சோதனை வயலின் கதி என்னவாகும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். ஓர் ஆண்டின் உழைப்பு வீணாகும். புதிய இரகம் உங்கள் கைக்கு வருவது ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டில் வெயில், வறண்ட காற்று, ஈரக் குறைவு, பகல் நீளம், பூச்சி எல்லாம் கலந்தே வருகின்றன. பயிர் வாடியது எதனால்? மண்ணில் ஈரம் தீர்ந்ததாலா? காற்று வறண்டதாலா? சூடு மிகுந்ததாலா? காட்டைப் பார்த்து விளைச்சலை அளக்கலாம். காரணத்தைப் பிரித்தறிவது கடினம். காரணம் தெரியாமல் அடுத்த ஒட்டுச் சேர்ப்பதற்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் விதைப்பது போன்றது.

கட்டுப்பாட்டு அறை என்றால் என்ன?

ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் அப்படியே நிறுத்தி வைக்கக்கூடிய இடம்தான் சூழல் கட்டுப்பாட்டு அறை. சூட்டை மட்டும் இரண்டு டிகிரி கூட்டலாம். ஒளியும் நீரும் ஈரப்பதமும் மாறாமல் இருக்கும். அப்போது பயிரில் தெரியும் மாற்றத்துக்குச் சூடுதான் காரணம் என்று துணிந்து கூறலாம்.

இது நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவர அறிஞர் 1949-ஆம் ஆண்டில் இத்தகைய அறைகள் பலவற்றைக் கொண்ட ஆய்வுக்கூடத்தை அமைத்தார். ‘ஃபைட்டோட்ரான்’ என்ற பெயர் அதிலிருந்தே புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டில் புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் தேசிய ஃபைட்டோட்ரான் 1997-இல் செயல்படத் தொடங்கியது. அதே வளாகத்தில் 2017-இல் நானாஜி தேஷ்முக் பயிர் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. அங்கே தொட்டிச் செடிகள் தாமே நகர்ந்து சென்று எடை பார்க்கப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, நீர் ஊற்றப்பட்டுத் தம் இடத்துக்குத் திரும்புகின்றன. கோவையில் நம் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையத்திலும் சூட்டையும் கரியமில வாயுவையும் கூட்டிப் பயிரைச் சோதிக்கும் அறை இருக்கிறது.

அறைக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஓர் அமைப்பும் உண்டு. தண்டவாளத்தின் மேல் உருளும் கூரை அது. வானம் வெளுத்திருக்கும்போது கூரை ஒதுங்கி நிற்கும்; பயிர் இயற்கையான வெயிலில் வளரும். மழைத் துளி பட்டவுடன் உணர்கருவி செய்தி அனுப்ப, மோட்டார் ஓடிக் கூரை பாத்தியை மூடிக்கொள்ளும். மழை விட்டதும் விலகிவிடும். நடு இரவில் பெய்தாலும் ஆள் ஓடிவர வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையிலும் அந்தப் பாத்திக்கு மட்டும் வறட்சியைக் கொடுக்கலாம்.

தானே இயங்குவது எப்படி?

இதில் மந்திரம் ஏதுமில்லை. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். நீர் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்துகிறது. நீர் குறைந்ததும் மறுபடி ஓட்டுகிறது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் சிறு விளக்கு அணைவதும், ஆறியதும் எரிவதும் அதே முறைதான். பயிர் அறையிலும் மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாமவர் உணர்கருவி. சூடு, ஈரப்பதம், ஒளி, கரியமில வாயு, மண் ஈரம் ஆகியவற்றை இடைவிடாமல் அளப்பது இவர் வேலை.

இரண்டாமவர் கட்டுப்பாட்டுப் பெட்டி. இப்போது இருக்கும் அளவையும் இருக்க வேண்டிய அளவையும் ஒப்பிட்டு, என்ன செய்வது என்று முடிவு செய்வது இவர் வேலை.

மூன்றாமவர் செயற்கருவி. சூடேற்றி, கம்ப்ரசர், விசிறி, பனித்தூவி, விளக்கு, நீர்க்குழாய் வால்வு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

அறையில் 34 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்தால், 34-ஐத் தொட்டதும் அணைத்து, இம்மி குறைந்ததும் உடனே போடுவது சரியாகாது. கம்ப்ரசர் நிமிடத்துக்குப் பலமுறை நின்று ஓடினால் விரைவில் பழுதாகிவிடும். ஆகவே, மேலும் கீழும் சிறிது இடைவெளி விட்டு வைக்கிறார்கள். இன்னும் நயமான பெட்டிகள், சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் கவனித்து முன்கூட்டியே சூடேற்றியின் வலுவைக் குறைத்துவிடும். வண்டிக்காரர் சரிவு வருவதற்கு முன்பே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதைப் போன்றது இது.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் ஆடும் என்பதையும் பெட்டி கணக்கில் கொள்ள வேண்டும். சூட்டை ஏற்றினால் காற்றின் ஈரப்பதம் தானே இறங்கும். விளக்கைக் கூட்டினால் சூடு ஏறும். ஒருவர் உட்கார்ந்து கையால் திருகிக் கொண்டிருந்தால் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது. அதிகாலை 5 மணிக்கு 22 டிகிரி, பிற்பகல் 2 மணிக்கு 36 டிகிரி என்று ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை நூறு நாளும் பிசகாமல் நடத்த வேண்டும். தானியங்கி முறை ஆளைக் குறைப்பதற்காக மட்டும் வந்ததன்று. தூக்கமும் மறதியும் இல்லாத காவலுக்காக வந்தது.

ஒரு மணி நேரத்தின் விலை

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். நெல்லை எடுத்துக்கொள்வோம். நெல் பூ காலையில் சிறிது நேரமே திறந்திருக்கும். இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டு அறைகளில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பூ திறக்கும் வேளையில் பூவின் சூடு 33.7 டிகிரியை எட்டினால், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரமே போதும், மணி பிடிக்காமல் பதராகத் தொடங்கும் என்று காட்டியது. நாள் முழுவதும் அளந்த சராசரிச் சூட்டைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பூக்கும் அந்த நேரத்தைத் தனியே பிரித்துச் சூடேற்றிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே, விடிந்ததும் பூத்து முடிக்கும் நெல் இருந்தால் தப்பிக்குமல்லவா? அந்தப் பண்பைக் காட்டு நெல் இனம் ஒன்றிலிருந்து சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவரும் பணி பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. நம் கண்மாய்ப் பாசன நெல் குளிர்ந்த மாதங்களில் பூப்பதால் இந்த ஆபத்து குறைவு. கோடையில் கிணற்று நீரைக் கொண்டு நெல் வைப்பவருக்கு இது பெரிய செய்தியாகும்.

நண்பகலில் சிக்கனம் செய்யும் கம்பு

இப்போது நம் கரிசலுக்கு நேராக உதவும் செய்திக்கு வருகிறேன்.

ஈரத்துணி ஆடியிலும் காய்கிறது, ஐப்பசியிலும் காய்கிறது. ஆடிக் காற்றில் விரைவாகவும் ஐப்பசியில் மெதுவாகவும் காய்கிறது. வறண்ட காற்று நீரை அதிகமாக இழுப்பதே காரணம். சூடு அதே 30 டிகிரியாக இருந்தாலும், காற்றின் ஈரப்பதம் 80 சதத்திலிருந்து 40 சதமாகக் குறைந்தால், நீரை இழுக்கும் வலு மூன்று மடங்காகிறது. பயிரின் இலைத் துளைகள் வழியாகவும் நீர் இப்படியே இழுக்கப்படுகிறது. தை மாதத்து நண்பகலில் உங்கள் பயிர் செலவழிக்கும் நீர், காலை நேரத்தில் செலவழிப்பதைவிட மிக அதிகம்.

ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் கம்பு இரகங்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கதிர் முற்றும் காலத்து வறட்சியைத் தாங்கிய இரகங்கள், மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போதே குறைவாக நீர் செலவழித்தன. அதிலும், காற்று மிக வறண்ட வேளையில் நீர்ச் செலவைக் கட்டுப்படுத்திக் கொண்டன. நண்பகலில் வாயை மூடிக்கொண்ட பயிர், மிச்சம் பிடித்த ஈரத்தைக் கதிர் முற்றும் நாட்களில் எடுத்துச் செலவழிக்கிறது. சம்பளம் வந்தவுடன் செலவழிக்காமல் மாதக் கடைசிக்கு வைத்திருக்கும் குடும்பத் தலைவியைப் போன்றது அந்தக் கம்பு.

இதை வெறும் கண்ணால் வயலில் பார்க்க இயலாது. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் தொட்டியின் எடை எவ்வளவு குறைந்தது என்று அளந்ததால் தெரிந்தது. அதன்பின் அந்நிறுவனத்திலேயே ‘லீசிஸ்கேன்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். அதில் தராசுகள் மேல் வைத்த தொட்டிகள் இரவும் பகலும் தாமே எடை காட்டுகின்றன. மேலே நகரும் லேசர் கருவி இலைப் பரப்பை அளக்கிறது. ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தால் நாள் முழுவதும் சில தொட்டிகளே முடியும். தானியங்கி முறையில் நூற்றுக்கணக்கான இரகங்களை ஒரே காலத்தில் சோதிக்க முடிகிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. துளையை மூடும் பயிருக்குள் கரியமில வாயுவும் குறைவாகவே செல்லும். ஆகவே, மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் அது சற்று மெதுவாக வளரலாம். எல்லா ஆண்டுக்கும் சிறந்த இரகம் என்று ஒன்று இல்லை. மழை குறைந்த ஆண்டுகள் அடிக்கடி வரும் காட்டுக்குச் சிக்கனக்கார இரகம் ஏற்றது. கிணற்று நீர் உள்ளவருக்கு வேறு இரகம் ஏற்றது.

விளக்கொளியில் தலைமுறைகள்

இரண்டு இரகங்களை ஒட்டுச் சேர்த்தபின், அதன் வழித்தோன்றல்கள் ஒரே சீராக நிலைபெற ஆறு தலைமுறை அளவுக்காவது ஆகும். ஆண்டுக்கு ஒரே பட்டம் என்றால் அதற்கே ஆறு ஆண்டுகள். பிறகு களச் சோதனைகள். மொத்தத்தில் ஓர் இரகம் உருவாகி வெளிவரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து 2018-இல் ஒரு முறையை விரிவாக வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து, சூட்டையும் கட்டுப்படுத்தினால், கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கலாம் என்பது அம்முறை.

ஆனால் நம் பயிர்கள் பலவற்றுக்கு இது அப்படியே பொருந்தாது. சோளம், துவரை, நெல் ஆகியவற்றின் பழைய இரகங்கள் பல, பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும். நம் பகுதியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டையும் பயிர் அறிந்து கொள்கிறது. சில இடங்களில் தெருவிளக்கின் கீழ் உள்ள பயிர் மட்டும் கதிர் வாங்காமல் பச்சையாகவே நிற்பது இதனால்தான். எனவே நெல்லுக்கு வேறு அட்டவணை வகுத்தார்கள். முதலில் இரவே இல்லாமல் வளர்த்து, பிறகு நாளைக்குப் பத்து மணி நேர ஒளி மட்டும் கொடுத்து விரைவில் பூக்க வைக்கிறார்கள். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாரணாசி மையத்தில் 2021-இல் தொடங்கிய விரைவு இனப்பெருக்கக் கூடத்தில் இப்பணி வளர்ந்தது. ஆண்டுக்கு நான்கு ஐந்து தலைமுறை கிடைக்கிறது.

இருட்டு வேளையில் யாராவது கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் போதும். குறும்பகல் பயிரின் கணக்கு குழம்பிவிடும். எனவே விளக்கின் நேரத்தையும் கதவையும் தானியங்கிக் கடிகாரமே காவல் காக்கிறது.

அறை தவறு செய்யும் இடங்கள்

கருவி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். நான்கு குறைகளை ஆராய்ச்சியாளர் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். உழவரும் தெரிந்து கொள்வது நல்லது.

முதலாவது, மின்சாரம். இரவில் மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் எழும்பாவிட்டால், அல்லது சூடேற்றியின் ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால், மூன்று மாதப் பயிர் விடிவதற்குள் வெந்துவிடும். எனவே முதல் பெட்டியைச் சாராத இரண்டாவது வெப்பமானி ஒன்று தனியே இருக்க வேண்டும். வரம்பு மீறினால் அது நேராக மின் இணைப்பைத் துண்டித்து மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு நிமிட அளவும் பதிவாக வேண்டும். பயிர் கருகாமல், சூடு மட்டும் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கியிருந்தால், பதிவு இல்லாமல் அது யாருக்கும் தெரியாது. தவறான முடிவு இரகமாக உங்கள் காட்டுக்கு வந்து சேரும்.

இரண்டாவது, அறையின் மூலைகள். ஒரே அறையில் விசிறிக்கு அருகில் உள்ள தொட்டிக்கும் மூலையில் உள்ள தொட்டிக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே தொட்டிகளை முறை வைத்து இடம் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தொட்டி. உங்கள் கரிசலில் வேர் ஆழமாக இறங்கி ஈரம் தேடுகிறது. தொட்டியில் அது சுவரில் முட்டிச் சுருள்கிறது. ஆழ வேர் விடும் இரகத்தின் உண்மையான வலிமை சிறு தொட்டியில் தெரியாது. வெடிப்பு விட்ட கரிசலில் வேர் அறுபடுவதும் தொட்டியில் நடக்காது.

நான்காவது, அறையில் காய்ப்புழு இல்லை, மயில் இல்லை, பன்றி இல்லை, ஆடு மாடு இல்லை. ஐப்பசியில் மூன்று நாள் நீர் தேங்குவதும் இல்லை. தட்டை மாட்டுக்கு ஆகுமா, சோறு பொங்கினால் ருசிக்குமா என்று அறை சொல்லாது.

எனவேதான் அறையில் தேர்ந்த பயிரைக் காட்டுக்குக் கொண்டு வருகிறோம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டு முதல் இந்தக் கரிசலிலேயே பயிரைச் சோதித்து வருகிறது. அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையமும் அப்படியே. ஏ.பி.கே. 1 என்ற துவரை இரகம் அருப்புக்கோட்டையின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தலைமுறைகளை நிலைப்படுத்தும் ஆண்டுகளை அறை குறைக்கலாம். பல இடங்களில், பல பருவங்களில் காட்டில் சோதிக்கும் ஆண்டுகளைக் குறைக்கக் கூடாது. ஒரு மழை ஆண்டையும் ஒரு வறண்ட ஆண்டையும் காணாத இரகத்தை உங்களுக்குக் கொடுப்பது முறையன்று.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை

இலட்சக்கணக்கில் செலவாகும் அறை உங்களுக்குத் தேவையில்லை. அதன் அடிப்படையை மூன்று வாளியில் செய்து பார்க்கலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

1. ஒரே அளவுள்ள மூன்று பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் துளையிட்டு, ஒரே எடையுள்ள கரிசல் மண்ணை நிரப்புங்கள்.

2. ஒன்றில் உங்கள் வழக்கமான கம்பு அல்லது சோளம், மற்றொன்றில் புதிய இரகம் விதைத்து, ஒவ்வொரு செடி மட்டும் நிறுத்துங்கள். மூன்றாவது வாளியில் செடி வேண்டாம்.

3. செடிக்கு ஒரு மாதம் ஆனதும், நீர் நிறைய ஊற்றி, இரவு முழுவதும் வடிய விடுங்கள். காலையில் துளையை அடைத்து, மண்ணின் மேற்பரப்பைப் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். தண்டு மட்டும் வெளியே வரட்டும். இனி எடை குறைந்தால் இலை வழியே நீர் போனதாகப் பொருள்.

4. மின்னணுத் தராசில் காலை 7 மணி, 11 மணி, பிற்பகல் 3 மணி, மாலை 6 மணி ஆகிய நேரங்களில் எடை பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி லிட்டர் நீர் செலவு. செடியில்லாத வாளியில் குறைந்த அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

5. இரண்டு செடிகளின் இலை எண்ணிக்கையும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய செடி அதிக நீர் குடிப்பது இயல்பே.

காலை 7 முதல் 11 வரை இரண்டும் ஒரே அளவு குடித்து, 11 முதல் 3 வரை ஒன்று மட்டும் குறைத்துக் குடித்தால், அது நண்பகலில் சிக்கனம் செய்யும் இரகமாக இருக்கலாம். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நான்கைந்து வெயில் நாட்களில் பாருங்கள். முடிந்தால் ஒவ்வோர் இரகத்துக்கும் மூன்று வாளி வையுங்கள்.

இத்துடன் ஒரு மழைமானியும் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். எந்தத் தேதியில் எவ்வளவு பெய்தது, பயிர் எப்போது பூத்தது, எப்போது வாடியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருச்சுழிப் பக்கம் பெய்யும் மழை அருப்புக்கோட்டைப் பக்கம் பெய்வதில்லை. உங்கள் காட்டு மழைக் கணக்கு எங்களிடம் இருந்தால், அதே மழையையும் அதே இடைவெளியையும் அறையிலோ கூரைப் பாத்தியிலோ நடத்திப் பயிரைச் சோதிக்க முடியும். அப்போது அறை உங்கள் காட்டைப் பார்த்து நடக்கும்.

புதிய இரகம் வந்தால் கேளுங்கள்

வறட்சி தாங்கும் இரகம் என்று யாராவது விதையைக் கொடுத்தால் உடனே வாங்கிவிட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பருவத்து வறட்சியைத் தாங்கும், முளைக்கும் போதா, பூக்கும் போதா, கதிர் முற்றும் போதா? தொட்டியில் மட்டும் பார்த்ததா, கரிசலில் எத்தனை ஆண்டு பார்த்தது? மழை மிகுந்த ஆண்டில் அதன் விளைச்சல் என்ன? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால், முதல் ஆண்டு கால் ஏக்கரில் உங்கள் பழைய இரகத்துக்கு அருகிலேயே விதைத்துப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால், கோவிலாங்குளத்தில் ஆராய்ச்சி நிலைய வளாகத்திலேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

அன்பார்ந்த உழவர் பெருமக்களே! உங்கள் காட்டில் கலந்து வரும் வெயிலையும் வறட்சியையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கவே அந்த அறை. கருவி அளந்து கொடுக்கும், காரணத்தைக் காட்டிக் கொடுக்கும், காலத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு இரகம் நிற்குமா நிற்காதா என்ற தீர்ப்பைத் தை மாதத்து வெடித்த கரிசலே சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பைப் படித்து எங்களிடம் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். புரட்டாசி விதைப்புக்கு முன் உங்கள் மழை நோட்டுடன் ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்துக்கு வாருங்கள்.